சாய்ந்த ஜீப்பும் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டும்!

அரக்கோணத்தில் யாரிடம் வழி கேட்டாலும் ஸ்டேஷனிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். "ஸ்டேஷன் தாண்டி லெஃப்ட்டு...", "ஸ்டேஷனுக்கு இந்தாண்ட..." என்று! 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போன தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை இந்த வழியாகத்தான் போனது. அப்படிப்பட்ட ஊரில், ரயில்வேயில் ரிடையரான அப்பாவுக்குப் பிள்ளையாகப் பிறந்துவிட்டு, நான் போய் ஒரு செகண்ட்ஹேண்ட் ஜீப் வாங்கினேன்.

காரணம், அப்பாவின் முழங்கால். சுமார் 15 கிலோமீட்டரில் திருத்தணி. மலைக்கு 365 படி. டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் ஏறியவர், இரண்டு வருஷமாக அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். மேலே வரை ரோடு இருக்கிறதே, ஆட்டோவில் போகக் கூடாதா என்கிறீர்களா? உங்களுக்கு ஃபோர் வீல் டிரைவ் ஆசை வந்ததில்லை போலிருக்கிறது!

"வண்டி கும்முனு இருக்கும் சார்" என்றார் விற்றவர். இருந்தது. நிறுத்தினால்தான் வம்பு. டிரைவர் பக்கம் அமுங்கி, வெற்றிலைக் காவி துப்பப்போகிறவர் மாதிரி சாய்ந்து நிற்கும். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் இடது பக்கம் 'டம்!'. அப்பா ஒரே ஒரு தடவை ஏறினார். "கட்டை வண்டியே தேவலாம்டா" என்று இறங்கிவிட்டார்.

1992-லிருந்து ஊரில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமான தளம் இருக்கிறது. அத்தனை டன் விமானம் பூப்போல இறங்குகிறது. என் ஜீப் ஒரு மேட்டில் இறங்க மாட்டேன் என்கிறது. தாங்குமா மனசு?

திருத்தணி ரோட்டில் ஒரு பட்டறைக்குப் போனேன். ஐம்பது வயது மெக்கானிக். சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னா சார், ஒரு பக்கமா சாஞ்சினு கீது?"

"ரைட் சைடு டார்ஷன் பார் வீக் ஆயிடுச்சுண்ணே. போல்ட்டை டைட் பண்ணிடுங்க."

"டாக்டராண்ட போனா நீங்களே சீட்டு எழுதுவீங்களா சார்?"

கப்சிப்!

டார்ஷன் பார் என்றால் வேறொன்றுமில்லை. நீளமான எஃகுக் கம்பி. ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் கையில், மறு முனை சேஸிஸில். சக்கரம் மேலே ஏறும்போது கம்பி ஈர வேட்டி மாதிரி முறுக்கிக்கொள்ளும். பிறகு விறைத்துப் பழையபடி திரும்பும். 1931-ல் ஃபெர்டினாண்ட் போர்ஷே இதற்குப் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்தார். நம் ஊரில் 1994-ல் வந்த சுமோ, 1998 சஃபாரி, 2010 தார் எல்லாவற்றுக்கும் முன்பக்கம் இதே கம்பிதான்.

மெக்கானிக் முதலில் ஸ்பேனரையே தொடவில்லை. வண்டியிலிருந்த மூட்டை முடிச்சை இறக்கினார். நாலு டயரிலும் காற்று பார்த்தார். சமதளமான சிமென்ட் தரையில் முன்னே பின்னே உருட்டி நிறுத்தினார். பிறகு டேப்பை எடுத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தார். வலது 19 அங்குலம். இடது 20½. பின்னால் இரண்டு பக்கமும் சமம். ஆக, பின்பக்கப் பட்டைகள் மேல் குற்றமில்லை.

கம்பெனி புத்தகத்தைப் புரட்டினார். இருக்க வேண்டியது 19¼!

"பாத்தீங்களா? ரைட்டு கால் இஞ்ச்தான் கம்மி. லெஃப்ட்டுதான் ஒண்ணேகால் இஞ்ச் ஜாஸ்தி. இறங்கின பக்கம் நோயாளி இல்ல சார், ஏறின பக்கம்தான்!"

கீழே படுத்து டார்ச் அடித்துக் காட்டினார். முன்னால் வைத்திருந்தவர் யாரோ, வண்டி கெத்தாக நிற்க வேண்டும் என்று இடது போல்ட்டை ஏகத்துக்கு முறுக்கியிருக்கிறார். வலது போல்ட் துருப்பிடித்துத் திரும்பவில்லை. அதோடு விட்டுவிட்டார் மகானுபாவர்!

"போல்ட்டை முறுக்கினா கம்பிக்குப் பலம் கூடாது சார். உயரம்தான் கூடும். சக்கரம் கீழ இறங்கறதுக்கு இருந்த இடத்தைத் தின்னுடும். அதான் பள்ளத்துல போய் ரப்பர்ல டம்முனு இடிக்குது."

நான் சொன்னபடி வலதையும் முறுக்கியிருந்தால் வண்டி நேராக நின்றிருக்கும். 'டம்' இரண்டு பக்கமும் கேட்டிருக்கும்!

எனக்கு பி.காம். இரண்டாம் வருஷம் ஞாபகம் வந்தது. ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகாவிட்டால், குறைகிற பக்கத்தில் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று எழுதிவிட்டு கேன்டீனுக்கு ஓடுவோம். "தப்பு கூடுற பக்கத்துல இருந்தா என்னடா பண்ணுவே?" என்பார் புரொபஸர். பதினைந்து வருஷம் கழித்து, ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு புரிந்தது.

ஜாக்கி வைத்துத் தூக்கி, கம்பியின் முறுக்கு தளர்ந்த பிறகே இடது போல்ட்டைத் தொட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் சாக்பீஸ் கோடு. இறக்கி, உருட்டி, அளந்து, மறுபடி தூக்கி... மூன்றாம் முறை இரண்டு பக்கமும் 19.

"அந்தக் கால் இஞ்ச்?"

"வயசானா கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். உட்டுடுங்க. வீல் அலைன்மென்ட் மட்டும் இன்னிக்கே பாத்துடுங்க. உயரம் மாறினா அதுவும் மாறிடும், டயரைத் தின்னுடும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பாவை ஏற்றிக்கொண்டு திருத்தணி. மலைப்பாதை வளைவுகளில் அவர் வாயே திறக்கவில்லை. அதுதான் அவருடைய சர்ட்டிபிகேட்.

மேலே இறங்கி நின்று, ஜீப்பை ஒரு சுற்று பார்த்தார். வலி இல்லாத காலில் பாரத்தைப் போட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"வண்டி நேராயிடுச்சுடா. இப்ப நான்தான் சாஞ்சு நிக்கறேன். எனக்கு எந்த போல்ட்டுன்னு உன் மெக்கானிக்கைக் கேளு!"