விதைநெல்

எங்கள் பள்ளிக்கு நாகாவதி அணையை ஒட்டிய அகதிகள் முகாமிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். 1990-இல் இலங்கையில் மறுபடி சண்டை மூண்டபோது படகேறி மண்டபம் வந்து, அங்கிருந்து தர்மபுரி மாவட்டத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் அவை. கடலையே கண்டிராத எங்களுக்கு, ராத்திரியில் கடல் தாண்டி வந்த பிள்ளைகள் என்றால் பெரிய அதிசயம். "குண்டு போட்டத நீ பாத்தியாடா?" என்று நச்சரிப்போம். மற்றவர்கள் ஏதாவது சொல்வார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருகோணமலைப் பையன் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். பென்சிலை வைத்து நோட்டின் ஓரத்தில் கோடு கிழித்துக்கொண்டே இருப்பான். தாள் கிழிந்தாலும் நிறுத்த மாட்டான்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் தமிழய்யா, பாடப்புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுப் புறநானூற்றின் 230-ஆம் பாட்டைக் கரும்பலகையில் எழுதினார். "இது நம்ம ஊர்ச் சண்டைடா" என்று ஆரம்பித்தார். அதியமான் என்றால் எங்களுக்கு ஔவையாரும் நெல்லிக்கனியும்தான். சேலம் போகிற வழியில் அதியமான்கோட்டையைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறோம். தர்மபுரியின் பழைய பெயர்தான் தகடூர். அந்தத் தகடூரைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து அழித்த கதையை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அந்தப் போரைப் பற்றித் 'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூலே இருந்ததாம். அதில் சில பாட்டுகள்தான் நமக்கு மிஞ்சியிருக்கின்றன.

230-ஆம் பாட்டு, தகடூரில் பொருது வீழ்ந்த அதியமான் குலத்து எழினிக்கான கையறுநிலை. அவன் காவலில் கன்றுகாலிகள் காட்டிலேயே தங்கின. வழிப்போக்கர்கள் நினைத்த இடத்தில் உறங்கினார்கள். களத்து நெல்லுக்குக் காவல் வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்டவனைக் கொண்டுபோன கூற்றுவனைப் பார்த்து, விதைநெல்லைச் சமைத்துத் தின்ற உழவனைப் போல் நீயே உனக்குக் கேடு தேடிக்கொண்டாய் என்கிறார் புலவர். வானம் பார்த்த பூமிக்காரர்கள் நாங்கள். விதைக்கு எடுத்து வைத்த கேழ்வரகில் கை வைத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியும். வகுப்பே அமைதியாகிவிட்டது.

"பாடினது யாரு தெரியுமா? அரிசில் கிழார்" என்றார் ஐயா. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில், தகடூரை அழித்த அதே சேரனைப் புகழ்ந்து பாடியவர். அதற்காக ஒன்பது நூறாயிரம் காணமும் அரசுகட்டிலும் கொடுத்தான் சேரன். இவர் அரசை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அமைச்சரானார் என்கிறது பதிகம். வென்றவனின் அவைப் புலவர்தான் தோற்றவனுக்காக இப்படிக் கதறியிருக்கிறார்.

அப்போதுதான் திருகோணமலைப் பையன் எழுந்தான். "சேர், அதுக்காக அவரை ஒருத்தரும் ஏசேல்லையோ?"

ஐயா சாக்பீஸை மேசைமேல் வைத்தார். "ஏன்பா கேக்கற?"

அவன் நின்றபடியே சொன்னான். அவர்கள் தெருவில் ஒரு சிங்களக் குடும்பம் இருந்திருக்கிறது. அந்த வீட்டுப் பெரிய பையன் குண்டுவெடிப்பில் செத்துப்போனான். "அம்மா போய் அழுதவ. எங்கட ஆக்களே ஏசினவை. பிறகு எங்கட சித்தப்பாவை ஆமி கொண்டுபோனது. அந்தப் பெடியன்ர அம்மா வந்து எங்கட வீட்டு வாசல்ல இருந்து அழுதவ. அவவையும் அவையின்ர ஆக்கள் ஏசியிருப்பினம்." அத்தனை நாள் பேசாதவன் ஒரே மூச்சில் பேசினான். ஐயா அவனுக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "இத எழுதுடா தம்பி. ஒரு வரி விடாம எழுது" என்று மட்டும் சொன்னார். இரண்டு தாள் எழுதிக்கொண்டு வந்தான். மறுநாள் அவனையே வாசிக்கச் சொல்லி, ஐயா நாற்காலியில் உட்காராமல் நின்றே கேட்டார். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அவனிடம் குண்டைப் பற்றிக் கேட்கவில்லை. அவனாகவே, சித்தப்பா சைக்கிளில் வைத்துக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போனதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தான்.

வளர்ந்த பிறகு ஈழத்துப் போர்க்கவிதைகளைத் தேடித் தேடிப் படித்ததற்கு அந்த வகுப்புதான் காரணம். 1985-இல் வந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பை வாசித்தபோதெல்லாம் அவன் குரல்தான் காதில் கேட்டது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றி எம்.ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' என்னை உலுக்கிவிட்டது. அதில் சுட்டுக் கொல்லப்படுவது புத்தர். நூலகப் படிக்கட்டருகே கிடக்கிறது அவர் உடல். நூலகத்தை இழந்த தமிழ் பேசும் மக்கள் பக்கத்துக் கவிஞர், எரித்தவர்கள் தினமும் கும்பிடும் புத்தரையே அந்தச் சாவில் சேர்த்துவிடுகிறார். அதைப் படிக்கிற சிங்கள வாசகருக்கும் அழ ஓர் இடம் கிடைக்கிறது. அரிசில் கிழார் செய்ததும் இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. போர் இலக்கியத்தை வீரத்துக்கு மட்டும் எடுத்துக்காட்டாக்கி மனப்பாடம் செய்யவைக்கிற நம் வகுப்பறைகள் இந்த அழுகையைத் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

2021-இல் அகதிகள் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு பெயர் மாற்றியது. இங்கேயே பிறந்தவர்கள் இன்று பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். நம் பிள்ளைகளை அவர்களோடு சேர்த்து உட்காரவைத்து 230-ஆம் பாட்டை நடத்த வேண்டும். நடத்தி முடித்ததும் ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்து, வீட்டிலிருக்கும் பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொல்ல வேண்டும்.