அம்மாவோடு ஜப்பான் போறீங்களா? ஒரு நிமிஷம்!

புனேவில் எங்கள் அபார்ட்மெண்டில் மட்டும் மூன்று தமிழ்க் குடும்பங்கள் ஜப்பானுக்குக் கிளம்புகிறார்கள். லிஃப்டில் பார்த்தால்கூட "சார், ஒரு பத்து நிமிஷம் உக்காந்து சொல்லுங்களேன்" என்கிறார்கள். மூன்று வீட்டிலும் காபி குடித்தாகிவிட்டது. இனி எழுதிவிடுவதே மேல்.

நாங்கள் போனது 2025 மார்ச் கடைசியில். நான், தங்கமணி, ஒன்பது வயது மகள், எழுபத்திரண்டு வயது அம்மா. பத்து நாள். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா. ஆபீஸில் புராஜெக்ட் பிளான் போட்டே பழகிய புத்தி, எக்ஸெல் ஷீட்டில் காலை 8.10-லிருந்து ராத்திரி 9 வரை கட்டம் கட்டமாக நிரப்பியிருந்தேன். அதில் எல்லாமே இருந்தது, அம்மாவின் முழங்காலைத் தவிர.

முதலில் விசா. 2024 ஏப்ரலில் இருந்து இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சுற்றுலா இ-விசா கொடுக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் கிடையாது. ஏர்போர்ட்டில் இண்டர்நெட் இணைப்போடு ஃபோனில் திறந்து காட்ட வேண்டும். பிரிண்ட் அவுட், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் செல்லாது. நாலு பேருக்கும் நாலு பிரதி எடுத்து ஃபைல் போட்டு வைத்திருந்த என்னைப் பார்த்துத் தங்கமணி சிரித்த சிரிப்பு இருக்கிறதே... விடுங்கள்.

அடுத்தது ரயில் பாஸ். பழைய கட்டுரைகள் எல்லாமே "ஜே.ஆர். பாஸ் வாங்காமல் போகாதே" என்று சொல்லும். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷிங்கான்சென் ஒரு வழி சுமார் 14,000 யென். போய்த் திரும்பினாலும் பாஸ் விலை வராது. நாங்கள் டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்து விமானம் ஏறினோம். திரும்பி வருகிற ரயில் செலவும் மிச்சம், அரை நாளும் மிச்சம். ஊருக்குள் சுற்ற சூயிகா கார்டு போதும். மெட்ரோ, பஸ், கடை எல்லாவற்றிலும் தேய்க்கலாம். ஆனால் ஸ்டேஷன் மெஷினில் பணம் ஏற்றப் பெரும்பாலும் ரொக்கம்தான் கேட்கும், கையில் யென் நோட்டு வைத்திருங்கள். 6 முதல் 11 வயது வரை பாதிக் கட்டணம். பாஸ்போர்ட்டைக் காட்டிக் குழந்தைக்குத் தனிக் கார்டு கேளுங்கள்.

இனி சாப்பாடு. அம்மா சுத்த சைவம். அங்கே மீன் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் "தாஷி" என்கிற மீன் சாறு சூப், நூடுல்ஸ், காய்கறிக் கூட்டு வரை எல்லாவற்றிலும் இருக்கும். "இறைச்சி இல்லை" என்று அவர்கள் சொல்வது உண்மைதான், மீன் அந்தக் கணக்கில் வராது, அவ்வளவே. "மீன் சாறும் வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் அச்சடித்த சீட்டு ஒன்று எடுத்துப் போங்கள்.

அம்மா ஊரிலிருந்து குட்டி எலெக்ட்ரிக் குக்கரைச் சுமந்து வந்தார். அங்கே கரண்ட் 100 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கர் ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் கொடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் அரிசி குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. (ஃபோன் சார்ஜருக்குக் கவலையில்லை. தட்டையான இரண்டு பின் அடாப்டர் மட்டும் வேண்டும்.) கடைசியில் காப்பாற்றியது தெருமுனைக் கடை. வெள்ளைச் சோற்றுப் பாக்கெட்டை அவர்களே சுடவைத்துத் தருவார்கள், சர்க்கரை போடாத தயிரும் கிடைக்கும். ஊறுகாய் நம்முடையது. பத்து நாளில் ஏழு ராத்திரி தயிர் சாதம். பொடி, ஊறுகாய் கொண்டு போகலாம். கறிவேப்பிலை, பச்சைக் காய், பழம் வேண்டாம், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

இப்போது, லிஃப்டில் யாரிடமும் சொல்லாத விஷயம்.

இரண்டாம் நாள். காலையில் அசகுசா, மதியம் மெய்ஜி கோயில், சாயங்காலம் ஷிபுயா. ஷீட்டில் எல்லாம் பச்சை டிக். அம்மா "வலிக்கலடா" என்று சொல்லிக்கொண்டே வந்தார், நானும் நம்புவது வசதி என்று நம்பினேன். ஹோட்டல் உவேனோவில். டோக்கியோவைச் சுற்றிவரும் யமனோட்டே லைனில் ஏறினோம். 30 ஸ்டேஷன், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். அம்மாவுக்கு உள்ளே ஒரு ஓரத்தில் இடம் கிடைத்தது, உட்கார்ந்ததும் கண் சொருகிவிட்டது. நாங்கள் வேறு கதவுப் பக்கம் நின்றோம். உவேனோவில் செர்ரிப் பூ பார்க்கிற கூட்டம் மொத்தமாக இறங்கியது. நாங்களும் இறங்கினோம். அம்மா தங்கமணியோடு வருகிறார் என்று நான் நினைத்தேன். என்னோடு வருகிறார் என்று அவள் நினைத்தாள்.

"பாட்டி எங்கேப்பா?" என்று மகள் கேட்டபோது ரயில் நகர்ந்துகொண்டிருந்தது.

அம்மாவின் ஃபோனில் சிம் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் மிச்சம் பிடிக்க இ-சிம் எனக்கு மட்டும்தான் வாங்கியிருந்தேன். ஹோட்டல் பெயர் எழுதிய சீட்டு? என் பையில். தங்கமணியையும் மகளையும் அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் ஏறினேன். அடுத்த ஸ்டேஷன் உகுயிசுதானி, இரண்டே நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில், அப்பா போன பிறகு மதுரை வீட்டைப் பூட்டி அம்மாவைப் புனேவுக்குக் கூட்டி வந்ததிலிருந்து எல்லாம் மனதில் ஓடியது. அக்காவுக்கு ஃபோன் போட்டு என்னவென்று சொல்வேன்?

கதவு திறந்தது. பிளாட்பாரத்தில், இறங்கிய இடத்திலேயே, தூணைப் பிடித்தபடி அம்மா நின்றிருந்தார்.

"அஞ்சு போய் ஆறு வந்துச்சு. நம்ம வீடு அஞ்சுதானே? அதான் இறங்கிட்டேன்."

அங்கே ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எழுத்தும் எண்ணும் உண்டு. உவேனோ ஜே.ஒய். 05, உகுயிசுதானி 06. ரயில் கதவுக்கு மேலே திரையிலும் வரும். காலையில் மகள் விளையாட்டாகப் பாட்டிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். என் எக்ஸெல்லில் அந்தக் கட்டமே இல்லை.

"பயந்துட்டீங்களாம்மா?"

"எதுக்கு? சித்திரைத் திருவிழால உனக்குச் சொல்லுவேனே, தொலைஞ்சா அலையாதே, நின்ன இடத்துல நில்லு, நான் வருவேன்னு. நீ வருவேன்னு தெரியும். கால்தான் வலிக்குதுடா."

அன்றைக்குத்தான் அம்மா முதல் தடவையாக வலிக்கிறது என்று சொன்னார்.

ராத்திரி ஷீட்டைத் திறந்து பாதிக்கு மேல் அழித்தேன். காலையில் ஒரு இடம், மத்தியானம் ஹோட்டலில் தூக்கம், தோன்றினால் சாயங்காலம் பக்கத்தில் ஒரு பூங்கா. பெரிய பெட்டிகளை ஹோட்டல் கவுண்டரில் கொடுத்து டக்யூபின் கூரியரில் கியோட்டோ ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டோம். மறுநாள் வந்து சேர்ந்துவிட்டது. (நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டர் தாண்டும் பெட்டிக்கு அந்த ஷிங்கான்சென்னில் முன்பதிவு வேண்டும், அந்தத் தலைவலியும் போச்சு.) ஸ்டேஷன்களில் லிஃப்ட் உண்டு, ஆனால் பிளாட்பாரத்தின் ஏதோ ஒரு கோடியில் இருக்கும். கூகுள் மேப்பில் சக்கர நாற்காலி வழியைத் தேர்ந்தெடுத்தால் லிஃப்ட் இருக்கிற பாதையாகக் காட்டும். கிட்டத்து இடத்துக்கு நாலு பேராக டாக்சியில் போனால் ரயிலைவிடப் பெரிதாக அதிகம் ஆகவில்லை. நாராவை விட்டுவிட்டோம். மகளுக்கு மான் பார்க்காத கோபம் இன்னும் இருக்கிறது.

அம்மாவுக்கும் இ-சிம் போட்டேன். ஹோட்டல் பெயரும் ஸ்டேஷன் எண்ணும் எழுதி ஆளுக்கொரு சீட்டு. டோக்கியோ சீட்டை அம்மா இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறார், 340 யென் மீதமுள்ள சூயிகா கார்டோடு. கடைசியாகத் தேய்த்த நாளிலிருந்து 10 வருஷம் செல்லும் என்று சொல்லித் தொலைத்தேன். நாரா பாக்கி இருக்கிறதே என்று மாதம் ஒரு தடவை ஞாபகப்படுத்துகிறார்.