வியாழனுக்கு ஒரு பென்சில்

மொட்டை மாடியில் தொலைநோக்கியை வைத்து வியாழனை வரைகிறேன். போட்டோ எடுக்கலாமே என்கிறார்கள். எடுக்கலாம்தான், ஆனால் கையில் பென்சில் இருந்தால் கண் சோம்பல்படாது.

வளையலை வைத்து வட்டம் போட்டால் சரிவராது. பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிற கோள், அந்த வேகத்தில் இடுப்புப் பக்கம் பிதுங்கித்தான் இருக்கும். பட்டைகளையும் கால் மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். கொஞ்சம் அசந்தால் பெருஞ்சிவப்புப் புள்ளி நகர்ந்துவிடும். காற்று அலையும் இரவென்றால் எதுவும் தெளிவாகத் தெரியாது, தாளை மடித்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

1612 டிசம்பரில் கலிலியோ வியாழனின் நிலவுகளைக் குறித்தபோது, பக்கத்தில் ஒரு விண்மீனையும் புள்ளியிட்டு வைத்தார். அது நெப்டியூன்! கோளென்று உலகத்துக்குத் தெரிந்தது 1846இல். ஓரத்துப் புள்ளிகளையும் நான் விடாமல் குறிப்பதற்கு அந்த மனிதர்தான் காரணம்.