ஒட்டக இறைச்சியும் மகாபொலப் பணமும்

லொத்தர் சீட்டுகளின் பெயர்களை நின்று நிதானித்து வாசித்திருக்கிறீர்களா? மகாஜன சம்பத என்றால் மக்களின் செல்வம். கொவிசெத என்றால் உழவருக்கு ஆறுதல். ஜாதிக சம்பத, தேசத்தின் செல்வம். யாழ்ப்பாண பஸ் நிலையத்தடியில் குடைக்குக் கீழே விரித்திருக்கும் சீட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம், ஓர் அரசாங்கம் செய்யவேண்டிய காரியங்கள் இங்கே பெயர்களாக விலைக்கு வந்துவிட்டனவோ என்று எனக்குத் தோன்றும்.

தேசிய லொத்தர் சபை 1963 ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் வந்தது. அபிவிருத்தி லொத்தர் சபைக்கு 1997 இல் தனிச் சட்டம். அதன் வருமானம் ஜனாதிபதி நிதியத்துக்குப் போகிறது. லலித் அத்துலத்முதலி முன்னின்று 1981 இல் சட்டமாக்கிய மகாபொலப் புலமைப்பரிசில் நிதியத்துக்கும் லொத்தர் பணத்தில் பங்குண்டு. ஏழையின் வைத்தியத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் என்று சொன்னால் யார்தான் வாய் திறப்பார்?

வாய் திறந்த ஒருவரை எனக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் 30 இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட குடும்பத்தவர். புத்தளத்தில் வளர்ந்து, போர் முடிந்தபின் சோனகத் தெருவுக்குத் திரும்பி, பழைய இரும்பும் பேப்பரும் வாங்கி விற்பவர். மகனுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது, மகாபொலவும் கிடைத்தது. மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“சேர், இந்தக் காசு எங்கயிருந்து வருகுது எண்டு சொல்லுங்கோ. நான் வாங்கின பேப்பர்க் கட்டுக்குள்ள, இழுத்து முடிஞ்ச ரிக்கற் கட்டுக்கட்டாக் கிடந்தது. எல்லாம் ஒரே ஆள் வாங்கினது. அந்தாள்ர பொஞ்சாதிதான் பேப்பரோட சேத்து அலுமினியச் சட்டியையும் வித்திட்டுப் போனவ.”

படித்ததைச் சொன்னேன். ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகள் ஆடிய மைசிர் எப்படிப்பட்டது என்பதை ஸமக்ஷரி தமது தப்ஸீரில் விளக்குகிறார். ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைப்பார்கள். பைக்குள் பத்து அம்புகள். ஏழுக்குப் பங்குண்டு, மூன்று வெறுமை. வெறும் அம்பு வந்தவன் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்கவேண்டும். வென்றவனோ இறைச்சியைத் தின்னமாட்டான், ஏழைகளுக்குக் கொடுப்பான். அதுவே அவனுக்குப் பெருமை. சூரா பகராவின் 219 ஆம் வசனம் மதுவிலும் சூதிலும் மனிதருக்குப் பயன் உண்டென்பதை மறுக்கவில்லை. பாவமே அதைவிடப் பெரிது என்கிறது. ஆக, ஏழைக்குத்தானே போகிறது என்ற நியாயம் லொத்தர் சபைகள் கண்டுபிடித்ததல்ல. அந்த நியாயம் இருக்கும்போதே தடை வந்தது.

அங்கே ஒட்டகத்துக்கு விலைகொடுக்கக்கூடியவன் அம்பெடுத்தான், ஏழை தின்றான். இங்கே அம்பெடுக்கிறவனே ஏழை. நாடு வங்குரோத்தான மறுவருடம், 2023 இல், 20 ரூபாச் சீட்டு 40 ரூபாவானது. கசினோவுக்குள் போகும் உள்ளூர்வாசியிடம் அரசு நுழைவு வரியை டொலர்க் கணக்கில் கேட்கிறது. அது அவனை மறிப்பதற்காம். சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தத் தனி அதிகாரசபை அமைக்கவும் 2025 இல் சட்டம் நிறைவேறியது. குடைக்குக் கீழே வந்து நிற்கும் கூலித் தொழிலாளியை மறிக்க என்ன இருக்கிறது? அவனுக்கு ‘லக்ன வாசனா’ என்று இராசி பார்த்து வாங்கும் சீட்டும் உண்டு. சூதையும் குறிபார்க்கும் அம்புகளையும் சூரா மாயிதா ஒரே வசனத்தில் சேர்த்துத் தடுத்தது. இவர்கள் இரண்டையும் ஒரே கடதாசியில் அச்சடித்துவிட்டார்கள்!

ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்த சமூகத்துக்கு, ஒரே இரவில் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்ற பேச்சு எவ்வளவு இனிக்கும் என்பதை நானறிவேன். அதனால் சீட்டு வாங்குபவன்மீது எனக்குக் கோபமில்லை. கோபம் விற்பவன்மீதும் இல்லை. வேறு பிழைப்பில்லாத மனிதன் அவன். அச்சடிக்கிறவர்மீதுதான். அதே 40 ரூபாவை வரியாகக் கேட்டால் அந்தக் கூலியாள் கணக்குக் கேட்பான். சீட்டாக விற்றால் கேட்கமாட்டான் என்பது அரசுக்குத் தெரியும்.

மகன் வாங்கட்டும் என்றே அவரிடம் சொன்னேன். படிப்பிப்பது அரசின் கடமை. அதற்கு எந்தப் பையிலிருந்து எடுத்தார்கள் என்பதற்கு எடுத்தவர்கள் பதில் சொல்லட்டும். உலமாக்களில் சிலர் வேறுவிதமாகச் சொல்லலாம், அவர்களிடமும் கேளுங்கள் என்றேன்.

அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அந்தச் சட்டியை இன்னும் நசுக்காமல் ஒரு பக்கமாக வைத்திருப்பதாகவும், அந்தப் பெண் திரும்பி வந்தால் வாங்கின விலைக்கே கொடுத்துவிடலாம் என்றிருப்பதாகவும் மட்டும் சொன்னார்.