எய்ந்தோவனில் ஒரு மதகு

நெல்லறுப்பு முடிந்த கையோடு எங்கள் ஊர் கோபியிலிருந்து கிளம்பி, மகள் குடும்பம் இருக்கிற எய்ந்தோவன் போய்ச் சேர்ந்தேன். நெதர்லாந்தின் தெற்கே உள்ள ஊர். பக்கத்து வெல்தோவனில் சிப் செய்யும் இயந்திரங்களைத் தயாரிக்கிற ஏஎஸ்எம்எல் இருப்பதால், கடைவீதியில் தமிழ்க் குரல் கேட்கிறது. ஆங்கிலத்தை வைத்தே அங்கே காலம் தள்ளலாம். ஆனாலும் மகள் இராத்திரி பாத்திரம் கழுவி வைத்தபின் டச்சுப் புத்தகத்தை விரித்து உட்காருவாள். குடியுரிமை கேட்பவர் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு நான்கிலும் தேற வேண்டும். அந்தச் சமூகத்தைப் பற்றியும் ஒரு தாள் உண்டு.

"பரீச்சைக்குத்தான் படிக்கிறயா கண்ணு?"

"அதுக்கு மட்டும் இல்லீங்கப்பா. பாப்பா பள்ளிக்கூட வாசல்ல மத்த அம்மாமாருங்க பேசிச் சிரிக்கறப்ப, நான் ஒதுங்கி நிக்கோணுங்க."

எண்களே அவளை அலைக்கழித்தன. இருபத்திநாலை டச்சுக்காரர்கள் 'நாலும் இருபதும்' என்பார்கள். தோழி போனில் வீட்டு எண் 24 சொல்ல, இவள் 42ஆம் வீட்டு மணியை அடித்திருக்கிறாள். வாக்கியத்தில் வேறொரு சிக்கல். 'ஓம்தாத்', அதாவது 'ஏன்னா' என்று தொடங்கிவிட்டால், வினை கடைசிக்குப் போய்விடும். 'ஓம்தாத் இக் மோர்ஹன் நார் தெ மார்க்த் ஹா.' ஏன்னா நான் நாளைக்குச் சந்தைக்குப் போறேன். அப்படியே நம் வரிசை! மகளோ ஒவ்வொரு முறையும் 'போறேன்' என்பதை நடுவில் செருகினாள். "இங்கிலீசு வழியாப் போகாத கண்ணு, தமிழ்லயே நெனச்சுப் பாரு" என்றேன். அதன்பிறகு பத்தில் எட்டு சரியாக வந்தது.

சனிக்கிழமை நூலகத்தில் மொழி கஃபே. உள்ளூர்ப் பெரியவர்கள் காசு வாங்காமல் வந்து, காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து பேசிப் பழக்குகிறார்கள். சிரியா, எரித்திரியா, உக்ரைன் என்று எல்லா நாட்டு முகங்களும் ஒரே மேசையில். தப்பாகப் பேசினாலும் யாரும் ஆங்கிலத்துக்குத் தாவுவதில்லை. அந்தப் பொறுமை என்னை மலைக்க வைத்தது. அன்று 'கந்தோர்' என்ற சொல் வந்தது. அலுவலகம் என்று பொருள். மேசையிலிருந்த யாழ்ப்பாணத்து அம்மா முகம் மலர்ந்தார். "இது எங்கட சொல் எல்லோ! அப்பா கந்தோருக்குப் போறார் எண்டுதான் நாங்கள் சொல்லுறனாங்கள்." 1658இலிருந்து 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், விட்டுப்போன சொல். நாம் சந்தையில் எண்ணிய துட்டும் அவர்களுடைய 'டௌத்' என்ற செப்புக்காசுதான். பழவேற்காடு, நாகப்பட்டினம் வழியாக வந்தது, நம் மடியில் தங்கிவிட்டது.

டச்சு படிக்கிற எல்லாரும் அஞ்சுவது அதன் 'ஜி' எழுத்துக்கு. வடக்கே அதைத் தொண்டையைச் செருமுவது போல் உச்சரிக்கிறார்கள். எய்ந்தோவன் பக்கம் அதே எழுத்து மெத்தென்று வரும். பாடப் பதிவில் கேட்ட கரகரப்பைப் பழகிப் பழகி மகளுக்குத் தொண்டை வலியே வந்துவிட்டது. நான் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதைக் கவனித்தேன். பகல், அழகு என்கிறபோது நம் வாயில் வருகிற 'க'வுக்கு வெகு நெருக்கம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பேத்தியோடு ஊர் எல்லை வரை நடந்தேன். வயலோரத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு நீர்த்தடம்.

"அப்புச்சி, இது ஸ்லோத்."

"நம்மூர்ல வாய்க்கால் சாமி."

கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு அதன் ஓட்டம் கண்ணுக்குப் பழகியதுதான். சற்றுத் தள்ளி, ரப்பர் பூட்ஸ் போட்ட முதியவர் ஒருவர், தண்ணீரைத் தடுத்து நின்ற பலகையில் சிக்கிய பாசியை வாரிக் கொண்டிருந்தார். பலகையைக் காட்டி என்னிடம் "ஸ்துவ்" என்றார். நானும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, உன் மொழியில் என்ன என்பதுபோல் என்னைச் சுட்டினார்.

"மதகு."

பாசி ஒழுகும் கையை அப்படியே நிறுத்தி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "மதகு." கோபியில் பிறந்தவர் சொன்னது போலவே இருந்தது அந்தக் 'கு'.