மலிவு ஹெட்போனும் அரை கிராம் பஞ்சும்

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கிற, காதை முழுசாக மூடும் ஹெட்போன்களைப் பற்றியது இது. பேர் தெரியாத கம்பெனிச் சரக்கு. இவற்றில் மட்டமானது ஒலி எழுப்பும் பாகமான டிரைவர் அல்ல என்பது என் முடிவு. மெல்லிய பாலியெஸ்டர் தகடு, செப்புக் கம்பிச் சுருள், சின்னக் காந்தம்: பல மடங்கு விலையுள்ளதிலும் அடிப்படை இதுதான். காசை மிச்சம் பிடித்த இடம் கப்பும் குஷனும். அந்த இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

தகடு அசையும்போது ஒலி பின்பக்கமும் போகிறது. வெறும் பிளாஸ்டிக் சுவரில் முட்டித் திரும்பி, தகட்டைத் தாண்டி, சற்றுப் பிந்திக் காதுக்கு வருகிறது. அதனால்தான் பி.சுசீலாவின் குரல்கூடக் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடுகிறது. கப்புக்குள் பஞ்சு வைத்தால் அந்த ஒலி இழைகளில் உரசி அடங்கும். பேஸ் அடங்காது. 3000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 11 செ.மீ.; 100 ஹெர்ட்ஸுக்கு அது கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். அத்தனை நீள அலையைக் கைப்பிடிப் பஞ்சு என்ன செய்யும்?

எந்தப் பஞ்சு? திருச்செங்கோடு, நாமக்கல், ஆத்தூர் என்று பருத்தி ஏலம் நடக்கிற ஊர்கள் சுற்றி இருக்க, நமக்குப் பஞ்சுக்கா பஞ்சம். மெடிக்கல் ஷாப் பஞ்சே போதும். இலவம்பஞ்சு வேண்டாம்; வழுக்கும், இழை பிரிந்து டிரைவர் ஓட்டைக்குள் புகுந்துவிடும். பஞ்சை அமுக்கித் திணிக்கக் கூடாது, உதிர்த்துப் பரப்ப வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே எடை இருப்பது முக்கியம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்யும் பட்டறைகளில் மில்லிகிராம் காட்டும் தராசு உண்டு. தெரிந்தவர் இருந்தால் இரண்டு உருண்டை பஞ்சை நிறுத்துத் தரச் சொல்லுங்கள். அரை கிராமில் தொடங்கலாம்.

சோதிக்கப் பழைய மோனோ பாட்டுதான் சிறந்தது. டி.ஆர்.சுந்தரம் 1935இல் சேலம் ஏற்காடு சாலையில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் படங்கள் போதும். 1950இல் வந்த 'மந்திரி குமாரி', ஜி.ராமநாதன் இசை. மோனோவில் இரு காதுக்கும் ஒரே ஒலிதான் போகிறது. குரல் நெற்றிக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் பஞ்சோ குஷனோ டிரைவரோ சமமில்லை. பஞ்சை முதலில் ஒரு கப்பில் மட்டும் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டால், அது செய்த வேலை சட்டென்று தெரியும். நம் ஊரில் எடுத்த படத்துப் பாட்டை வைத்தே சோதிக்க முடிவதில் எனக்குத் தனி சந்தோஷம்.

பேஸ் கொழகொழவென்றிருந்தால் டிரைவரின் முதுகுப் பக்கத்து ஓட்டையைப் பாருங்கள். காயத்துக்குப் போடும் காகித பிளாஸ்டரை அதன்மேல் ஒட்டினால் பெரும்பாலும் பேஸ் இறுகும். அதிகமாக இறுகிவிட்டால் பிளாஸ்டரில் ஊசியால் ஒரு துளை. பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம்.

குஷன். நம் சித்திரை வெயிலுக்கு ரெக்சின் குஷன் வியர்வையில் ஊறித் தோல் உரிந்துவிடும். பழைய பருத்தித் துண்டில் உறை தைத்துப் போட்டால் காது புழுங்காது. ஆனால் துணி வழியே காற்று கசியும், பேஸ் மெலியும். பாட்டு ஓடும்போது கப்பைக் காதோடு லேசாக அழுத்திப் பாருங்கள். பேஸ் கூடினால் கசிவு இருக்கிறது. உறையை வெளி விளிம்பில் மட்டும் போர்த்துவது நான் கண்ட நடுவழி.

கசிவு பாட்டுக்கு மட்டும் கேடில்லை. குமாரபாளையம், பள்ளிபாளையம், இளம்பிள்ளை பக்கம் விசைத்தறி ஓடும் கொட்டகையில் இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டும். அங்கே பாட்டுக் கேட்கிறவர், தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்று போனில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார். 85 டெசிபெலை 8 மணி நேரம் கேட்கலாம் என்பது கணக்கு. 3 கூடினால் நேரம் பாதியாகும். குஷன் நன்றாகப் பொருந்தினால் வெளிச்சத்தம் குறையும், ஒலியைக் கூட்டவும் தேவைப்படாது. தறிக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது பஞ்சை அல்ல, குஷனை.

ஒயர் பெரும்பாலும் ஜாக்கின் கழுத்தில்தான் அறும். உள்ளே உள்ள மெல்லிய இழைகளில் வண்ண எனாமல் பூசியிருக்கும். அதைச் சூடுகாட்டிப் பொசுக்காமல் ஈயம் வைத்தால் பிடிக்காது. பொதுவாகச் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் எர்த்.

விலை கொடுத்தால்தான் நல்ல ஒலி என்பவர்களுக்கு: 1968இல் சென்ஹைசர் கொண்டுவந்த எச்.டி.414இல் காதுக்குமேல் இருந்தது மஞ்சள் ஸ்பாஞ்சுதான். திறந்த கப், லேசான எடை, ஸ்பாஞ்சு. உலகமே கேட்டது.

ஒரு பக்கம் கேட்கவில்லை என்று ஹெட்போனைக் குப்பையில் போடுகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: போடுவதற்கு முன் குஷனைக் கழற்றி, அடியில் இருக்கும் திருகாணிகளைத் திறந்து ஒருமுறை பாருங்கள். பஞ்சும் பிளாஸ்டரும் ஒரு துளி ஈயமும் சேர்த்து ஐம்பது ரூபாய்கூட ஆகாது.