பின்களத்தில் நிற்பவன்

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி தங்கப் பதக்கம் வென்ற வரலாற்றை நம் வாசகர்கள் கேட்டிருப்பார்கள். அப்பந்தயத்தில் தியான் சந்த் 14 கோல்கள் அடித்தார் என்பதும் பலர் அறிந்த செய்தியே. ஆனால் ஐந்து ஆட்டங்களிலும் நம் அணிக்கு எதிராக ஒரு கோல்கூட விழவில்லை என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? அவ்வணிக்குத் தலைமை தாங்கிய ஜெய்பால் சிங் முண்டா பின்களத்தில் நின்று காத்தவர். சோட்டாநாகபுரியின் பழங்குடியில் பிறந்தவர். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் அம்மக்களின் குரலாய் ஒலித்தவர். கோல் அடித்தவரின் கணக்கு ஏட்டில் ஏறுகிறது. விழாமற்போன கோலுக்கு யார் கணக்கு எழுதுவார்?

இக்கேள்வி அண்மையில் நம் வாசலுக்கே வந்து நின்றது. குன்னூருக்கு அப்பால், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வாழும் ஒரு தாய், தம் பதினான்கு வயது மகனுடன் நம்மைத் தேடி வந்தார். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தை அடுத்து இலங்கையிலிருந்து இம்மலைக்கு வந்த குடும்பம் அது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதியில் இடம்பெறப் பையன் ஹாக்கித் தேர்வுக்குச் செல்லவிருக்கிறான். “சாமி, அவனப் பத்தி ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. நல்லதா எழுதுங்க சாமி” என்றார் அவர். இடம் கிடைத்தால் உணவும் உறைவிடமும் பயிற்சியும் படிப்பும் சேர்ந்து வரும். கொழுந்து பறித்து வரும் கூலியில் மூன்று பிள்ளைகளை வளர்க்கும் வீட்டுக்கு இது சிறிய காரியமன்று.

தேர்வுக் களத்தில் ஆட்டத்தைத்தான் பார்ப்பார்கள், கடிதத்தையன்று என்று விளக்கினோம். எனினும், பார்க்காமல் எழுதுவது முறையன்று என்றெண்ணி, வெலிங்டன் இராணுவ முகாமில் பணியாற்றி ஓய்வுபெற்ற பழைய ஹாக்கி வீரர் ஒருவரை அழைத்துக்கொண்டு, மூன்று ஞாயிறு மாலைகள் மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்தோம்.

பையனின் நிறைகளை அவர் விரல்விட்டு எண்ணினார். மேட்டிலும் பள்ளத்திலும் ஏறியிறங்கி வளர்ந்த கால்களும், ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்துக் காற்றில் பழகிய நெஞ்சும் அவனுக்குண்டு, இது முதலாவது. எதிராளி தோளைக் குலுக்கி ஏமாற்றினாலும் இவன் கண் பந்தைவிட்டு அகல்வதில்லை, இது இரண்டாவது. மூன்றாவதே முக்கியமானது: அவன் பாய்வதில்லை. ஹாக்கி மட்டையின் தட்டைப் பக்கத்தால் மட்டுமே பந்தை அடிக்கலாம் என்பதால், எந்த ஆட்டக்காரருக்கும் இடப்புறம் சற்று வலுக்குறைந்தது. நல்ல தற்காப்பாளர் எதிராளியை அவருடைய இடப்புறமாக, அதாவது தம் வலப்புறமாக, மெல்ல மெல்ல ஒதுக்கிக்கொண்டே போவார். தக்க தருணம் வரும்போதுதான் மட்டையை நீட்டுவார். இதை யாரும் கற்பிக்காமலே இவன் செய்கிறான்.

குறைகளும் இருந்தன. உருவம் சிறியது. பந்தைப் பறித்ததும் தோழனைத் தேடாமல் கண்ட திசையில் அடித்துவிடுகிறான். களத்தில் வாய் திறப்பதில்லை. பின்னால் நிற்பவனுக்கே முழு மைதானமும் தெரியுமாதலால், குரல் கொடுத்து மற்றவரை எச்சரிப்பது அவன் கடமை. மேலும், செயற்கைப் புல்தளத்தில் அவன் கால் வைத்ததே இல்லை. 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் பந்தயம் முதல் ஒலிம்பிக் ஹாக்கி ஆட்டங்கள் அத்தளத்திலேயே நடைபெறுகின்றன. அங்கே பந்து வழுக்கி விரையும். காப்பவர் உடலைத் தாழ்த்தி ஆட வேண்டும். கல்லும் குழியுமான மண்ணில், எப்போது துள்ளுமோ என்று அஞ்சி நிமிர்ந்தே ஆடிப் பழகியவன் இவன். 2025ஆம் ஆண்டு சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கோப்பையின்போதுதான் அத்தகைய தளத்தைத் தொலைக்காட்சியில் உற்றுப் பார்த்தானாம்.

“கத்தக் கத்துக் கொடுத்துடலாம் ஃபாதர், குனியவும் கத்துக் கொடுத்துடலாம். இந்தப் பொறுமையை எந்தக் கோச்சும் கொடுக்க முடியாது” என்றார் பழைய வீரர். அவர் சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. ஒரு பிள்ளையின் குறைகளுள் எது அவனுடையது, எது அவன் நின்ற மண்ணுடையது என்று பிரித்தறிவதே கணிப்பவரின் முதல் வேலை. ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்த திலீப் திர்க்கி, பான்போஷ் விளையாட்டு விடுதியில் பயின்று, மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் இந்தியாவின் பின்களத்தைக் காத்தார்; நானூறுக்கும் மேற்பட்ட பன்னாட்டு ஆட்டங்களில் ஆடினார். ஊர் மண்ணில் இல்லாததை விடுதி அவருக்குத் தந்தது.

கைதேர்ந்தவர்களின் கணிப்பும் பிழைபடுவதுண்டு. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி அணிகள் பதினெட்டு வயது இளைஞர்களை ஆண்டுதோறும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. 1989ஆம் ஆண்டு சுவீடனைச் சேர்ந்த நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் என்னும் தற்காப்பாளர் 53ஆவதாகவே அழைக்கப்பட்டார். அவரே பின்னர் ஏழுமுறை அக்கூட்டமைப்பின் சிறந்த தற்காப்பாளர் விருதைப் பெற்றார். காக்கும் கலை தாமதமாகவே கனிகிறது. வேகம் பதினான்கு வயதிலேயே கண்ணுக்குத் தெரியும். நிதானத்தைக் காண நெடுநேரம் பார்க்க வேண்டும்.

கடிதத்தில் நிறைகளை எழுதினோம், குறைகளையும் எழுதினோம். வாசித்துக் காட்டியபோது தாயின் முகம் வாடியது. “கொறையையும் எழுதணுமா சாமி?” என்று கேட்டார். “அம்மா, மருத்துவரிடம் நோயை மறைப்போமா? எதைக் கற்பிக்க வேண்டும் என்று பயிற்சியாளருக்குத் தெரியட்டும். நிறையை மட்டும் எழுதினால், எழுதியவர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை என்று எண்ணிவிடுவார்கள்” என்றோம். அவர் சற்றுநேரம் யோசித்தார். பையன்தான் முதலில் தலையசைத்தான். அன்று மாலையே மைதானத்தில் அவன் குரல் முதன்முறையாக நம் காதில் விழுந்தது.

தேர்வு இனிமேல்தான். பட்டியலில் அவன் பெயர் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் மறுமுறை முயல்வான். அதுவரை பள்ளிப் படிப்பு நிற்காமலிருக்க ஆவன செய்வதாக அத்தாயிடம் கூறியிருக்கிறோம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையைப் பற்றியும் இப்படி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒருபுறம் நிறை, மறுபுறம் குறை. குறை ஒவ்வொன்றின் எதிரிலும், அதைத் திருத்தும் வாய்ப்பை நாம் அவனுக்குக் கொடுத்திருக்கிறோமா என்றும் எழுதுங்கள். பிறகு அத்தாளைப் பிள்ளையோடு அமர்ந்து வாசியுங்கள்.